கையசைக்காத அத்தான்

என் அக்காவின் மகள் முதன்முறை குவைத்துக்குப் போன காலையில், வாசற் படலையடியில் நின்ற வானைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. வயல் வட்டைப் பக்கமிருந்து வந்த காற்றில் அறுத்த வைக்கோலின் மணம். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மற்றக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். பக்கத்து வளவுப் பெரியவர், யார் போகிறார்கள் என்றுகூடச் சரியாகத் தெரியாமல் ஆட்டினார். மருமகள் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மதகடியில் வான் திரும்பும் வரைக்கும் கையசைத்துக்கொண்டே போனாள். அவள் கண் தேடியது அவளுடைய அப்பாவை. அத்தானோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, நட்டு வைத்த கம்பம் போல நின்றார். பார்வை வானோடு போனது, கை அசையவில்லை. விமான நிலையத்திலிருந்து தாய்க்கு எடுத்த போனில் அவள் அழுதழுது சொன்னது இதைத்தான்: "ஊராக்கள் எல்லாம் கை காட்டினாங்க. அப்பாக்கு மட்டும் கை வரல்ல. நான் போறது அவருக்கு ஒண்டுமில்ல போலம்மா."

அக்கா போனை வைத்துவிட்டு நேரே என்னிடம்தான் வந்தாள். "பெத்த புள்ள போகக்குள்ளயும் ஒரு கையத் தூக்க ஏலாத மனிசனோட நான் எப்பிடிடா காலந்தள்ளுறன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதை ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது. அத்தானின் கையை வருடக்கணக்காகப் பார்த்தவன் நான். உண்மையைச் சொன்னால் அவர் முகத்தைவிட அவர் கையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மனிதரை முகத்தை வைத்து அடையாளம் சொல்பவர்கள்தான் உலகத்தில் அதிகம். என்னைக் கேட்டால் நூறு கைகளுக்கு நடுவிலும் அவர் கையைக் காட்டித் தருவேன்.

அத்தான் கதிரவெளிக்காரர். கடற்கரையில் கரைவலை இழுத்த குடும்பம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அப்படித்தான் கடல்காரர் ஒருவர் கொக்கட்டிச்சோலை வயல்காரருக்கு நடுவில் வந்து சேர்ந்தார். வயல் வேலை அவருக்குப் பிடிபடவேயில்லை. சேற்றில் இறங்கினால் மீன் தேடுகிறார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவரும் சிரித்துக்கொண்டே குனிந்து தேடுவது போலக் காட்டுவார். பிறகு திருகோணமலைப் பக்கத்து இறங்குதுறை ஒன்றில், கப்பலுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் கூட்டத்தோடு வேலைக்குச் சேர்ந்தார். கல்லுடைக்கும் இடமொன்றில் கிரேன் ஓட்டிப் பழகிய நானும் சில வருடம் கழித்து அதே இடத்துக்குப் போனேன். நான் மேலே கிரேனில். அவர் கீழே சிக்னல்.

கேட்பவர்கள் கிரேன்காரனைத்தான் பெரிய ஆளாக நினைப்பார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன். உயரத்தில் கண்ணாடிக் கூண்டு, இரண்டு கையிலும் இரண்டு பிடி, அசைத்தால் டன் கணக்கில் சுமை ஆகாயத்தில் மிதக்கும். தலைக்கனம் வராமல் என்ன செய்யும்? ஆனால் கப்பலின் சரக்கறை ஒரு பெரிய கிணறு மாதிரி. அதன் அடியில் நின்று மூட்டை அடுக்குகிற மனிதர்களை என்னால் பார்க்க முடியாது. கிணற்று விளிம்பில் ஒருவர் நிற்பார். அவருக்கு அடியும் தெரியும், நானும் தெரிவேன். அவர் கை சொல்கிறதை நான் செய்ய வேண்டும், அவ்வளவுதான் என் உத்தியோகம். இயந்திர இரைச்சலில் அங்கே குரல் எடுபடாது. பெற்ற தாய் வந்து கூப்பிட்டாலும் கேட்காது. விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே சுழற்றினால் இறக்கு. கையைப் பொத்தினால் நில்லு. பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் கறிக்கு உப்புத் தூவுகிறது போல உரசிக் காட்டினால், மெல்ல, மெல்ல.

அந்த 'மெல்ல'வில்தான் அத்தானின் வித்தை முழுவதும் இருந்தது. மூட்டைகள் அடுக்கிய வலையை நான் கண்ணை மூடிக்கொண்டுதான் கிணற்றுக்குள் விடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இரண்டு விரலும் உரசும், உரசும், நிற்கும். வலை தரையில் பட்ட சத்தமே வராது. அடியில் நின்றவர்கள் மேலே வந்து, "உங்கட மச்சான்ட கையில சாமான் இறங்கினா, தூங்குற புள்ளயப் பாயில கிடத்தின மாதிரி" என்பார்கள். எனக்கு நெஞ்சு விம்மும். இறக்கியவன் நான்தானே என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. அத்தனை பேரின் தலையும் தோளும் காலும் அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் இருந்தன. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அதோடு அவரிடம் ஒரு கண்டிப்பும் இருந்தது. சுமை தொங்குகிறபோது மேல்தட்டில் நிற்கிற எல்லோரும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மூக்கைச் சொறிந்தாலும் ஏச்சு விழும். இரண்டு கை தெரிந்தால் கிரேன்காரன் எந்தக் கையைக் கேட்பான் என்பார்.

ஆனால் அந்த விதியை ஒருமுறை அவரே மறந்தார். நான் போய்ச் சேர்ந்த புதிதில் நடந்தது. உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தோம். கதிரவெளியில் அவரோடு கூடத் திரிந்த சிநேகிதன் ஒருவன், எத்தனையோ காலம் காணாமலிருந்தவன், கரையோரமாக நடந்து வந்து அவரைக் கண்டு கத்தியிருக்கிறான். அத்தான் சந்தோசத்தில் திரும்பி, கையை உயர்த்தி அசைத்து, கீழே விட்டார். வேறு யார் செய்தாலும் அது வெறும் வரவேற்பு. எனக்கோ அது கட்டளை. விரல் கீழே பார்த்தது, இறக்கினேன். அடியில் மூட்டை ஒன்றை நகர்த்திக்கொண்டிருந்த ஒருவரின் பாதத்தில் சுமை குந்தியது. இரண்டு விரல்கள் போய்விட்டன. அந்த மனிதர் திரும்பவும் வேலைக்கு வந்தார். கடைசி வரைக்கும் அத்தானோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தார். "ஆளக் கண்ட சந்தோசத்துல எவனுக்குத்தான் கை தூக்காது?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து, சிக்னல் கொடுக்காத நேரமெல்லாம் அவர் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின.

வேலையிடத்தில் தொடங்கியது வீட்டுக்கும் வந்தது. கலியாண வீட்டில், பஸ் நிற்கும் இடத்தில், மீன் வாங்கப் போன இடத்தில், யாரைக் கண்டாலும் தலையை ஆட்டுவார், கை பின்னால்தான். எங்கள் ஊர்த் தான்தோன்றீச்சரக் கோயில் தேரன்று சனமெல்லாம் 'அரோகரா' என்று தலைக்கு மேல் கைகூப்பும்போது அவர் நெஞ்சோடு நிறுத்திக்கொள்வார். "மேல தூக்கினா சாமி தேர இறக்கிப்போடும் எண்டு பயம் இவருக்கு" என்று அக்கா கிண்டல் பண்ணுவாள். ஊருக்குள் அவருக்கு மண்டைக்கனம் என்று ஒரு பேர் இருந்தது. விளக்கம் சொல்லித் திரிகிற மனிதரும் இல்லை அவர். அக்காவுக்கும் மகளுக்கும்கூட அந்தப் பழைய கதையைச் சொன்னதில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. "கால்விரல் இல்லாமப் போனது அவருக்கு. நான் என்னத்தச் சொல்லி ஆறுதல் தேடுற?" என்று ஒருமுறை கேட்டார். 

பிறகு அந்தக் கைக்கே ஒன்று வந்தது. எனக்கு அது வியாதியாகத் தெரியவில்லை. அவர் முன்னைவிட அதிகமாக 'மெல்ல' காட்டுகிறார் என்று மட்டும் நினைத்தேன். வயது போகப் போகப் பயம் கூடுகிறதாக்கும் என்று எண்ணி, நானும் மெல்ல மெல்லவே தூக்கினேன், இறக்கினேன். எங்கள் கூட்டம் சோம்பேறிக் கூட்டம் என்று போர்மன் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். ஒருநாள் மத்தியான இடைவேளையில் அத்தான் ஏணியேறி என் கூண்டுக்கே வந்தார். அதற்கு முன் அவர் மேலே வந்ததேயில்லை. வலக்கையை என் முன்னால் நீட்டினார். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் தானாகவே உரசிக்கொண்டிருந்தன. "மச்சான், என்ட கை என்னக் கேளாமக் கதைக்கிது. நான் 'தூக்கு' எண்டக்குள்ள அது 'மெல்ல' எண்டு சொல்லுது. இண்டைக்கு மெல்ல எண்டு சொல்லுது. நாளைக்கு என்ன சொல்லுமோ எனக்கே தெரியா" என்றார். எவருக்கும் தெரியாது, இன்னும் சில மாதம் ஓட்டியிருக்கலாம். வீட்டில் கூரைவேலை பாதியில் கிடந்தது. அவர் இறங்கிப் போய் ஹெல்மெட்டைக் கழற்றி போர்மனின் மேசையில் வைத்துவிட்டு, மாலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். இறங்குதுறைக்குப் பின்னாலிருந்த தண்ணீர்க் கிணற்றடியில் அன்றைக்கு நான் தனியே நின்று அழுதேன். நடுக்குவாதம் என்று டாக்டர் சொன்னது அதற்குப் பிறகுதான். கூரையைப் போட்டு முடிக்கத்தான் மருமகள் குவைத்துக்குப் போனாள்.

அவள் முதல் லீவில் வந்திருந்தபோது இது நடந்தது. நானும் வேலையை விட்டு, மனைவியின் ஊரான சித்தாண்டிக்கு வந்துவிட்டிருந்தேன். சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் ஒன்றுக்காகப் சூரியன் படும் பக்கமான எங்கள் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து எழுவான்கரைக்குப் போகப் புறப்பட்டோம். அத்தான், மருமகள், நான். பாலம் வந்த பிறகும் சில துறைகளில் இன்னும் 'பாதை'தான் ஓடுகிறது. இயந்திரம் பூட்டிய மிதவைக்கு எங்கள் ஊரில் அந்தப் பேர். மருமகள் அப்பாவோடு பட்டும் படாமலும்தான் கதைத்தாள். வான் போன காலையின் மனத்தாங்கல் இன்னும் கரையவில்லை. நாங்கள் துறையடிக்குப் போனபோது, நெல் மூட்டை ஏற்றிய உழவு மெசின் ஒன்று, டிராக்டர்தான், பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. ஏறுபலகை நழுவியதா, பாதை விலகியதா தெரியாது. மெசின் ஒரு பக்கமாகச் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. ஓட்டி வந்த ஏறாவூர் இளைஞனின் தொடையைச் சில்லுக்கு மேலுள்ள மட்காட் சேற்றோடு அழுத்திப் பிடித்துவிட்டது. நெஞ்சளவு தண்ணீர். மெசின் சேற்றுக்குள் இறங்க இறங்க அவனையும் இழுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தோளுக்கு வந்தது.

நல்லகாலம், துறைக்கட்டைத் திருத்துவதற்காக ஒரு கிரேன் வண்டி அங்கே நின்றது. அதன் சாரதி சிங்களப் பொடியன். ஓடி வந்து, பாதைக்காரர் இருவர் மெசினுக்குச் சங்கிலி போட்டதும் தூக்கத் தொடங்கினான். கரையில் நூறு பேர். நூறு பேரும் கை நீட்டினார்கள். "தூக்கு!" "இழு!" "அங்கால, அங்கால!" "நிப்பாட்டுடா!" ஆளுக்கொரு நாட்டாண்மை. சாரதிக்குப் பாஷையும் விளங்கவில்லை, கைகளும் விளங்கவில்லை. சரிந்த மெசின் மறைத்ததால் அடியில் இருந்தவனும் அவனுக்குத் தெரியவில்லை. சங்கிலி இழுபட்டது, மெசின் ஒரு ஆட்டம் ஆடியது, தண்ணீருக்குள்ளிருந்து வந்த அலறலை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன்.

"கையக் கட்டுங்க!"

அது அத்தானின் குரல். அவருக்கு அப்படியொரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. "எல்லாரும் கையக் கட்டுங்க! ஒருத்தரும் கை நீட்டப்படா!" சனம் திகைத்தது. முதலில் கட்டியவர் அந்த இளைஞனின் மூத்தவாப்பா, தொப்பி போட்ட பாட்டனார். அழுதுகொண்டே கட்டினார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர், பிறகு மீன் கூடைக்காரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வெள்ளை வேட்டிக் கலியாணக்காரர்கள். துறையடி முழுவதும் கை கட்டி நின்றது. மருமகளும் கட்டிக்கொண்டாள். அத்தனை சனம் அத்தனை அமைதியாக நின்றதை எந்தக் கோயிலிலும் நான் கண்டதில்லை.

அத்தான் என்னிடம் திரும்பினார். "மச்சான், ஏறு."  அவர் வலக்கை அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது. 'நில்லு' என்று பொத்திக் காட்டினாலும் ஆடும். ஆடுகிற கையை நிற்கிற கையாக நான் எப்படிப் படிப்பேன்? நான் கேட்காமலே அவர் சொன்னார்: "என்ட கை நிக்காது, தெரியும். கை தெரிஞ்சா தூக்கு. முதுகுக்குப் பின்னால போனா நில்லு. வேற ஒண்டும் பாக்காத." சாரதிப் பொடியன் மறுபேச்சில்லாமல் இருக்கையை விட்டுத் தந்து, படியில் நின்றபடி எந்தப் பிடி எதற்கு என்று தொட்டுத் தொட்டுக் காட்டினான். அத்தான் வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கி, இளைஞனும் தெரிகிற, நானும் தெரிகிற இடத்தில் போய் நின்றார். அவனிடம் அவர் சொன்னதைப் பிறகு பாதைக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். "மனே, என்னையே பாரு. நொந்தா வாயால சொல்லு. நீ சொல்லாம உனக்கு மேல ஒண்டும் அசையாது."

"ஐயா, கால் மரத்துட்டு ஐயா... என்ட புள்ளைக்கு இன்னும் பேரும் வைக்கல்ல..."

"வைக்கலாம் மனே. என்னப் பாரு."

கை மேலே வந்தது. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் உரசின. மெல்ல, மெல்ல. அவர் சொன்னாரா, வியாதி சொன்னதா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தேவை இருக்கவில்லை. இரண்டும் அன்றைக்கு ஒன்றையே சொல்லின. பிடியை மயிரிழை தள்ளினேன். சங்கிலி முனகியது. கை மறைந்தது. நின்றேன்.  கை வந்தது. தள்ளினேன். மறைந்தது. நின்றேன். மெசின் ஒருமுறை என் பக்கமாகச் சாயப் பார்த்தது. அதற்கு முன்பே கை மறைந்துவிட்டிருந்தது. சாயப் போவது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பழைய கப்பல்களின் அத்தனை கிணறுகளையும் அந்தச் சேற்றுத் தண்ணீரில் திரும்பவும் கண்டேன். பயமாக இருந்தது. ஆனால் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்த மட்டும், நான் பிழை விடமாட்டேன் என்பதும் தெரிந்தது.

பிறகு கை மறைந்தது, மறைந்தே இருந்தது. எவ்வளவு நேரமோ. எனக்குத் தெரிந்ததெல்லாம் கைகள் மறைந்த அத்தானின் தோள்களும், பாதைக்காரர் இருவர் குனிந்து எதையோ இழுப்பதும்தான். அவர்கள் நிமிர்ந்தபோது நடுவில் அந்த இளைஞன் இருந்தான். கண் திறந்திருந்தது. கரையில் ஒருவரும் கத்தவில்லை, கையையும் அவிழ்க்கவில்லை. மெசின் இன்னும் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கரையேறிய பிறகு அத்தான் பழையபடி விரலைக் கீழே காட்டி, "இறக்கு" என்று கூப்பிட்டுச் சொன்னார். இறக்கினேன். நனைந்த வேட்டியோடு சனத்தைப் பார்த்துத் திரும்பி, "இறக்கிட்டம். இனிக் கைய அவுழுங்க" என்றார். அப்போதுதான் ஊர் அழுதது. மூத்தவாப்பா ஓடிவந்து அத்தானின் ஆடுகிற கையைப் பிடித்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டார். அந்த இளைஞன் இப்போது கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிறான்.

கலியாணத்துக்கு நாங்கள் போகவில்லை. வீடு திரும்பும் வழியில் மருமகள் என்னைப் பின்னால் இழுத்து, "மாமா, அப்பா எப்பயும் கையப் பின்னால வச்சிரிக்கிறது இதுக்குத்தானா?" என்று கேட்டாள். இனியும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. உரமூட்டைக் கப்பல், கதிரவெளிச் சிநேகிதன், போன இரண்டு கால்விரல்கள், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முன்னால் தனியே போய்க்கொண்டிருந்த அப்பாவை எட்டிப் பிடித்து, அவரோடு சேர்ந்து நடந்தாள்.

போன மாதம் அவள் திரும்பவும் குவைத்துக்குப் போனாள். அதே படலை, அதே மதகு, வேறொரு வான். அக்கா கையாட்டினாள், நான் ஆட்டினேன், பக்கத்து வளவுப் பெரியவர் இந்தமுறையும் யாரென்று தெரியாமல் ஆட்டினார். அத்தான் இன்னும் மெலிந்துவிட்டார், கை பின்னால்தான். ஆனால் மருமகள் கையசைக்கவில்லை. யன்னலோரம் இருந்து இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாரதி வானை எடுக்கப் போனார். "அண்ணன், கொஞ்சம் நில்லுங்க" என்றாள் அவள். "இன்னும் சொல்லல்ல."

சாரதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அத்தானுக்கும் விளங்கியது. அவர் வாய் கோணியது. அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு அந்த வலக்கை முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாக வெளியே வந்து, தோளைத் தாண்டி, தலைக்கு மேலே போனது. அங்கே நின்று நடுங்கியது. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் உரசிக்கொண்டேயிருந்தன. மகள் தலையை ஆட்டிவிட்டுச் சாரதியிடம் சொன்னாள்: "இப்ப எடுங்க. மெல்லப் போகட்டாம்."

மதகடி தாண்டும் வரைக்கும் வான் மெல்லத்தான் போனது. அது வரைக்கும் அத்தான் கையை இறக்கவில்லை.